உங்களுக்குத் தெரியுமா? கரிசல் கோடையும் புறவாசல் தக்காளியும்

விளாத்திகுளம் பக்கத்துப் புதூரில் கோடை வந்தால் காடெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசியும் மாசிக்குள் வீடு சேர்ந்துவிடும். பங்குனி பிறந்ததும் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போதும் பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்கிற புறவாசலில் நாலு தக்காளிச் செடி காய்த்து நிற்கும். ஒரே வாரத்தில் மொத்தமாகப் பழுத்து, "என்னைய என்ன செய்யப் போற?" என்று கேட்கும். அதற்கான பதில்கள் இதோ.

புறவாசலில்

● சித்திரையில் செடி நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லையா? உரத்தைக் குறை சொல்லாதீர்கள். பகலில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து, ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ காம்போடு கொட்டும். மாசிக்குள் நட்ட நாற்று வெயில் முற்றும் முன்பே பிஞ்சு பிடித்துவிடும். பிந்திப்போனவர்கள் பிற்பகல் வெயிலை மறைக்கப் பழைய சேலை ஒன்றைப் பந்தலாகக் கட்டிப் பார்க்கலாம்.

● தக்காளிப் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக் காயாகும். ஆனால் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கிறது. பூ அதிர்ந்தால்தான் உதிரும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட காட்டுத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டவைக்கும். அது வராத வீட்டில், காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே போதும்.

● காயின் அடி கறுத்து அமுங்கினால் அது நோயல்ல. காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கரிசல் மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் சீராக ஓடினால்தான் அது காய்வரை ஏறும். மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் அடி கறுக்கும், தோலும் வெடிக்கும். தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். வேரடியில் சோளத்தட்டையைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும்.

● கிணற்றுத் தண்ணீர் லேசாக உவர்க்கிறதா? மிளகாயைவிடத் தக்காளி உப்பைக் கூடுதலாகத் தாங்கும். காய் சிறுத்து, எடை குறையும். ஆனால் பழத்தில் இனிப்பும் புளிப்பும் ஏறும். ரசத்துக்கு அந்தப் பழம்தான் ருசி.

● அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில், சாந்தா குரூஸ் பக்கம், நாற்று வேர் பிடித்ததும் தண்ணீரையே நிறுத்திவிட்டு மண்ணில் உள்ள ஈரத்தை மட்டும் வைத்துத் தக்காளி எடுக்கிறார்கள். விளைச்சல் கம்மி, விலை கூடுதல். சுவைக்காகத் தேடி வாங்குகிறார்கள். மழை முடிந்த பிறகும் மண்ணில் ஒட்டிய ஈரத்தில் பயிரை விளையவைப்பது கரிசல் சம்சாரிக்குப் புதிதில்லை.

● கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. பருத்தி, சோளம், மிளகாய் என்று மானாவாரிப் பயிர்களுக்கு ரகம் கொடுத்தது. தக்காளிக்குப் பெரியகுளத்தைத்தான் பார்க்க வேண்டும். தேனி பக்கத்து அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்தைச் சடுதி மாற்றத்துக்கு உட்படுத்தி, அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி எடுத்ததுதான் பிகேஎம் 1. வயது 135 நாள். தட்டையான உருண்டைப் பழம். காம்பைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

● 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுப்பூ. இது பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவைத் தேடிப் போய் அதில் முட்டையிடும், காய் தப்பும். செண்டு நாற்றின் வயது 45 நாள், தக்காளி நாற்றின் வயது 25 நாள் என்று கணக்குப் பார்த்து நட்டால்தான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். நாலு செடி வைத்திருப்பவர்களுக்கு ஓரத்தில் ஒரு செண்டுச் செடி.

பறிக்கையில்

● கோடைப் பழம் ஏன் செக்கச்சிவப்பாக இல்லாமல் மஞ்சளோடிப் போகிறது? சிவப்பைத் தருகிற லைகோபீன், வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமிக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் காய் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலில் பரப்பிவிடுங்கள். செடியில் விட்டதைவிட நல்ல சிவப்பு ஏறும். அணிலுக்கும் மைனாவுக்கும் பங்கு போகாது.

● பழுக்க அவசரமா? வாழைப்பழம் ஒன்றைக் கூட வைத்து மூடுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு தக்காளியையும் பழுக்கவைக்கும்.

● தக்காளியைக் காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பழத்தின் ஈரம் பெரும்பாலும் அந்த வடு வழியாகத்தான் வெளியேறுகிறது. பூஞ்சை நுழைவதும் அங்கேதான்.

● பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகுவது தள்ளிப்போகும், வாசமும் போகும். 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: குளிரில் வாசனையை உண்டாக்கும் மரபணுக்கள் வேலையை நிறுத்துகின்றன, வெளியே எடுத்துவைத்தாலும் சில மரபணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பச்சையாகச் சாப்பிடுகிற பழத்தை வெளியே வையுங்கள். குழம்புக்கானது உள்ளே போனால் பெரிய நட்டமில்லை.

● இத்தாலியின் வெசூவியஸ் எரிமலைச் சரிவில் விளைகிற 'பியென்னோலோ' என்ற குட்டித் தக்காளியைக் கொத்தோடு பறித்து, கயிற்றில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். கோடையில் தொங்கவிட்டது குளிர்காலம் முழுக்க வரும். தடித்த தோலும் குறைந்த தண்ணீரில் வளர்ந்த வளர்ப்பும்தான் ரகசியம். நீர் ததும்பும் ஹைபிரிட் பழத்தை இப்படித் தொங்கவிட்டால் தரையில்தான் சட்னி.

அடுப்பில்

● ரசத்துக்குத் தக்காளி நறுக்கும்போது விதையையும் கொழகொழப்பையும் வழித்து எறிபவரா நீங்கள்? நிறுத்துங்கள். நாக்கில் நிற்கிற சுவையைத் தருகிற குளூட்டமேட், சதையைவிட விதையைச் சுற்றிய கொழகொழப்பில்தான் அதிகம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் 2007-ல் அளந்தே சொல்லிவிட்டது.

● சமைத்தால் சத்துப் போய்விடும் என்பது தக்காளி விஷயத்தில் பாதி உண்மை. 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பார்த்தார்கள். வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. உடம்புக்குக் காவலான ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல் 62 சதவீதம் கூடியது. லைகோபீன் எண்ணெயில் கரையும். ஆகவே நல்லெண்ணெய் மிதக்கிற தொக்குக்கு அறிவியல் சிபாரிசும் உண்டு.

● தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். ஈயம் பூசாத பித்தளையைப் பச்சை பிடிக்கவைக்கும். இரும்புச் சட்டியில் கறுக்கும். தொக்குக்கு மண்சட்டி, கல்சட்டி, எவர்சில்வர் மூன்றும் சரி.

● ஈயச்செம்பில் வைத்த தக்காளி ரசத்தின் மணமே தனி. அந்த ஈயம் வெள்ளீயம். விஷமான காரீயம் அல்ல. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் வெறுஞ்செம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பேச உட்காராதீர்கள். ரசம் ஊற்றிய பிறகுதான் தீ.

● பழுக்காத தக்காளிக்காயில் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் குறையும். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துத் துவையல் என்று வழக்கமான அளவில் சாப்பிடுவதில் தப்பில்லை. கடைசிக் காய்களைப் பறித்துச் செடியைப் பிடுங்குகிற அன்றைக்குக் குதிரைவாலிச் சோற்றுக்கு இதுதான் வெஞ்சனம்.

● தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம் பிறந்த தக்காளி, போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை. முன்னோர்களுக்குப் பழக்கமில்லாத காய் அல்லவா!

● ஒரு கரண்டித் தக்காளித் தொக்கில் எத்தனை நாடு? தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டம். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம். நல்லெண்ணெய்க்கான எள் இந்தியத் துணைக்கண்டத்தில் பயிரானது. உப்பு, பக்கத்திலேயே இருக்கிற தூத்துக்குடி.

வெயிலில்

● கரிசல் வீட்டு வத்தல் பானைகளைத் திறந்து பாருங்கள்: மிளகாய், சுண்டை, மணத்தக்காளி, கத்தரி. நாலும் தாவரவியலில் ஒரே குடும்பம், சொலனேசி. தக்காளியும் அதே குடும்பம்தான். சொந்தக்காரர்களையெல்லாம் காயப்போட்டுப் பழகிய வீட்டுக்குத் தக்காளி வத்தல் புது வேலையே அல்ல.

● ஒரு கிலோ தக்காளியில் ஏறக்குறைய 940 கிராம் தண்ணீர். நன்றாகக் காய்ந்த வத்தல் 70 கிராம் தேறினால் உங்கள் கை சுத்தம். அஞ்சு கிலோ பழம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அடங்கிவிடும்.

● தக்காளி வத்தல் போடுவது எப்படி? சதைப்பிடிப்பான பழத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். கொழகொழப்பைப் பிதுக்கி அன்றைய ரசத்தில் சேர்த்துவிடுங்கள். அது இருந்தால் காய நாளாகும். கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பைப் பொடித்துத் தூவி ஒரு மணி நேரம் விட்டால் கொஞ்சம் தண்ணீர் தானே இறங்கும். வெட்டிய முகம் வானத்தைப் பார்க்கும்படி சொளகில் அடுக்கி, மேலே மெல்லிய வேட்டியைப் போர்த்துங்கள். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். ராத்திரி ஈரக்காற்று பட்டால் பூஞ்சை. சித்திரை வெயிலுக்கு மூன்று, நாலு நாள். வளைத்தால் தோல் மாதிரி வளைய வேண்டும். அழுத்தினால் விரலில் ஒட்டக்கூடாது.

● காய்ந்ததை இன்னும் ஒரு நாள் மொறுமொறுவென்று காயவிட்டு அம்மியிலோ மிக்சியிலோ பொடித்தால், ரசத்துக்கும் குழம்புக்கும் ஒரு ஸ்பூன் போதும். பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். சின்னச் சின்ன பாட்டிலில் பிரித்து வையுங்கள். ஒன்றைத் திறந்தாலும் மற்றது கெடாது.

● மத்தியதரைக் கடல் தீவான சிசிலியில் ஆகஸ்ட் மாத வெயிலில், தக்காளிச் சாற்றில் உப்புச் சேர்த்து அகலப் பலகைகளில் வழித்துவிடுவார்கள். பெண்கள் கூடிநின்று கையால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். சில நாளில் அது கருஞ்சிவப்புக் களியாக இறுகும். பெயர் 'ஸ்ட்ராத்து'. துருக்கியிலும் மாடியில் இதே மாதிரி விழுது காயவைக்கிறார்கள். நம் மாடியில் கூழ் வடகம் போடுகிற அதே ஓலைப்பாயில் இதையும் முயன்று பார்க்கலாம்.

● மழைக்குப் பின் கரிசல் காட்டில் தானாக முளைக்கிற அதலைக்காயைப் பறித்து வைத்தால் சீக்கிரமே வெடித்து வாய் திறந்துவிடும். அன்றைக்கே சமைக்க வேண்டும், அல்லது காயப்போட வேண்டும். மிதுக்கங்காயும் சீனியவரைக்காயும் அப்படித்தான் வத்தலாகிக் கம்மஞ்சோற்றுக்குத் துணையாகின்றன. கிடைக்கிறபோது மொத்தமாகக் கிடைத்து, அப்புறம் மாதக்கணக்கில் கிடைக்காத காய்களோடு குடும்பம் நடத்திய ஊர் இது.

● ஆந்திராவின் தக்காளி 'நில்வ பச்சடி'யில் அடுப்புக்கு வேலை கடைசியில்தான். நறுக்கிய பழத்தை உப்பு, மஞ்சள் போட்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். பிறகு துண்டுகளைப் பிழிந்து வெயிலில் காயவைத்து, இறங்கிய சாற்றில் புளியை ஊறப்போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் கலந்து தாளிப்பார்கள். வருஷம் முழுக்க நிற்கும்.

ஜாடியில்

● தொக்குக்கு ஒரு கணக்கு: தக்காளி ஒரு கிலோ, புளி 50 கிராம், மிளகாய்த்தூள் 50 கிராம், கல்லுப்பு 60 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, கடுகு, வெந்தயம், பெருங்காயம் உங்கள் கைக்குத் தக்கபடி. மூன்றில் ஒரு பங்காகச் சுண்டி, எண்ணெய் பிரிந்து ஓரம் கட்டும்வரை கிளற வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அது சட்னி. ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

● தொக்கு கெடாமல் இருக்க நாலு காவல்காரர்கள். சுண்டவைப்பதால் தண்ணீர் குறைகிறது. மிச்சத் தண்ணீரை உப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. புளி நுண்ணுயிர்களை ஒடுக்குகிறது. மேலே நிற்கிற எண்ணெய் காற்றை மறிக்கிறது. ஈரக் கரண்டி ஒன்று போதும், நாலு பேரும் தோற்றுப்போவார்கள்.

● அமிலத்தன்மையை அளக்கிற பிஎச் கணக்கில் 4.6 ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளராது. தக்காளி சரியாக அந்தக் கோட்டின் அருகே நிற்கிற காய். நன்றாகக் கனிந்தது கோட்டைத் தாண்டவும் கூடும். அதனால் வெறும் தக்காளிச் சாற்றைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வேகவைப்பவர்கள், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. தொக்கில் அந்த வேலையைப் புளி பார்க்கிறது. புளியைக் குறைக்கும் முன் யோசியுங்கள்.

● தக்காளி வத்தலை எண்ணெயில் ஊறப்போடுவது இப்போது நாகரிகம். அதோடு பச்சைப் பூண்டையும் போட்டு வெளியே வைப்பது ஆபத்து. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, பூண்டில் புளிப்பு இல்லை. பாட்டுலிசக் கிருமிக்கு வேண்டியது இரண்டும் அங்கே கிடைத்துவிடும். செய்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

● உணவைப் பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கிற முறைக்காக 1810-ல் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கியவர் நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரர். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. காரணம் கிருமிகள்தான் என்று லூயி பாஸ்டர் காட்டியது அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

● கடைச் சாஸ் பாட்டிலின் பின்பக்கம் 'ஐஎன்எஸ் 211' என்று இருந்தால் அது சோடியம் பென்சோயேட். புளிப்பான பண்டத்தில்தான் அந்த மருந்து வேலை செய்யும். கெட்சப்பில் வினிகர் ஊற்றுவதற்குச் சுவை மட்டும் காரணமில்லை.

● அடுப்படியில் நிற்க நேரமில்லையா? கழுவித் துடைத்த பழத்தை முழுசாக ஃபிரீசரில் போடுங்கள். வேண்டும்போது எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். சதை தொளதொளத்துவிடும், குழம்புக்கு ஆகும், பச்சடிக்கு ஆகாது.

சந்தையில்

● தக்காளி பழமா, காயா? 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு இது. இறக்குமதிக் காய்கறிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு வரியில்லை. தாவரவியல்படி பழம்தான், ஆனால் மக்கள் சாப்பாட்டோடு உண்பதால் காய்கறி என்று தீர்ப்பாகி, வியாபாரி கட்டிய வரி திரும்பக் கிடைக்கவில்லை.

● தக்காளி விளைச்சலில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. இருந்தும் 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் சென்னை ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலையின் இந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்த 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் தனித் திட்டமே அறிவித்திருந்தார்கள்.

● விதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பிகேஎம் 1 போன்ற ரகமாக இருந்தால் நன்றாகக் கனிந்த பழத்தின் விதையைக் கொழகொழப்போடு இரண்டு, மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். கொழகொழப்பில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. புளிக்கும்போது அது கழன்றுபோகும். ஹைபிரிட் பழத்தில் இந்த வேலை பலிக்காது. அடுத்த தலைமுறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும்.

● ஜூலை, ஆகஸ்ட் ஒரு முறை. அக்டோபர், நவம்பர் இன்னொரு முறை. நாடு முழுக்கத் தக்காளி வரத்து குறைந்து விலை ஏறுகிற மாதங்கள் இவை. தமிழ்க் கணக்கில் ஆடியும் ஐப்பசியும். சித்திரையில் போட்ட வத்தல் ஆடிக்குக் கைகொடுக்கும். கிளறி வைத்த தொக்கு ஐப்பசிவரை தாங்கும். எனவே புறவாசலில் பழம் குவிகிற வாரத்தில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது போக, பாதியைச் சொளகில் பரப்புங்கள், மீதியை அடுப்பில் ஏற்றுங்கள்.